உடைந்த டி.என்.ஏ. வேறு, ஜீன் கோளாறு வேறு

கேள்வி: எனக்கு 33 வயது, மனைவிக்கு 28. கரூர் பக்கம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பத்து வருடமாக வெல்டர். கல்யாணமாகி நாலு வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நாள் தள்ளிப்போனது, ஏழாவது வாரம் துடிப்பு இல்லை என்று சொல்லிக் கலைந்துவிட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. மனைவிக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாயிற்று, நார்மல். எனக்கு ஜனவரியில் விந்தணு கவுண்ட் 14 மில்லியன் வந்தது. தெம்புக்கும் கவுண்ட் ஏறவும் என்று ஓரிடத்தில் மார்ச்சிலிருந்து ஜூன் வரை மாதம் ஒரு ஊசி போட்டார்கள். ஜூலையில் வேறு இடத்தில் பார்த்தால் 4 மில்லியன், விந்தணுவில் டி.என்.ஏ. உடைந்திருப்பது 34 சதவீதம். "ஜீன் பிராப்ளம், இக்ஸிதான் (விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் கருவாக்குவது) வழி, இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும்" என்றார்கள். தினம் ஒரு பவர் பாக்கெட் கலக்கிக் குடிக்கிறேன். சாயங்காலமானால் இடது பக்கம் விதைப்பை கனக்கிறது, அது சம்பந்தப்பட்டதா தெரியவில்லை. என் ஜீனிலேயே குறையா? பையன் பிறந்தால் அவனுக்கும் வருமா? மனைவியின் நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம்.

பதில்:

தம்பி, நகையை இப்போது வைக்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை நிதானமாகப் படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய காகிதங்களை எல்லாம் தேதி வாரியாக மேஜையில் அடுக்கிப் பார்த்தேன். ஜனவரியில் 14 மில்லியன், முன்னோக்கி நீந்துபவை 24 சதவீதம். ஜூலை முதல் வாரத்தில் 4 மில்லியன், நீந்துபவை 11 சதவீதம். நடுவில் நாலு மாதச் சீட்டு ஒன்று இருக்கிறது. நீங்கள் "தெம்பு ஊசி" என்று எழுதியிருப்பதன் பெயர் அந்தச் சீட்டில் தெளிவாக இருக்கிறது: டெஸ்டோஸ்டிரோன், 250 மில்லிகிராம். இதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். குழந்தை வேண்டும் என்று வருகிற ஆணுக்குப் போடவே கூடாத ஊசி அது.

ஏன் என்று சொல்கிறேன். விரைக்கு வேலை சொல்வது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. அது எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்று இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்.எச். வந்தால் விரைக்குள்ளேயே டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும், அங்கே அதன் அளவு ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல பத்து மடங்கு. அந்தச் செறிவில்தான் விந்தணு உருவாகும். வெளியிலிருந்து ஊசியில் ஏற்றினால், ரத்தத்தில்தான் நிறைய இருக்கிறதே என்று பிட்யூட்டரி ஆர்டர் அனுப்புவதை நிறுத்திவிடும். உடம்பில் தெம்பு இருக்கும், விரைக்குள் பட்டறை மூடிக்கிடக்கும். டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1990-ல் வெளியான அந்த ஆய்வில் வாரம் ஓர் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு அடியோடு நின்றுபோனது. கவுண்ட் ஏற்றுவதற்கு என்று சொல்லி உங்களுக்குப் போட்டது அந்த ஜாதி மருந்துதான்.

உங்கள் ஜூலை ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இதற்குச் சாட்சியும் இருக்கிறது: எல்.எச். 0.3, எஃப்.எஸ்.எச். 0.5. விரையிலேயே பழுது இருந்து விந்தணு குறைந்திருந்தால் பிட்யூட்டரி இன்னும் பலமாகக் கத்தும், எஃப்.எஸ்.எச். பெரும்பாலும் ஏறியிருக்கும். உங்களுக்கு இரண்டுமே தரையில் கிடக்கின்றன. ஆகவே 14 நாலாக இறங்கியதற்கு ஜீனைக் குற்றம் சொல்ல இந்தக் காகிதங்களில் ஒன்றும் இல்லை. ஊசியை நிறுத்திவிட்டீர்கள் அல்லவா, மறுபடி யார் சொன்னாலும் போடாதீர்கள். சில வாரம் சோர்வாக இருக்கலாம், ஆசை குறையலாம், பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் பிட்யூட்டரி தானே விழித்துக்கொள்ளும். தாமதமானால் அதை எழுப்பவும் மருந்து இருக்கிறது, அதை நேரில் பார்க்கிற டாக்டர் முடிவு செய்யட்டும்.

சரி, ஊசிக்கு முன்னாலேயே 14 தானே இருந்தது, அதுவும் குறைவுதானே என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டில் ஒரு மில்லிக்கு 16 மில்லியன், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம் என்று கீழெல்லை இருக்கிறது. பலர் இதைப் பரீட்சையில் பாஸ் மார்க் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை வரிசையாக நிறுத்தினால் கடைசி ஐந்து சதவீதத்தினர் எங்கே நிற்கிறார்களோ அந்த இடத்து எண் அது. அதற்குக் கீழே இருப்பவர்களும் அப்பா ஆகிறார்கள். நீங்களே ஒருமுறை ஆனீர்கள், கரு தங்கவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் 14 மில்லியனும் 24 சதவீதமும் ஏதோ ஒன்று அரித்துக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டுகின்றன. அது என்ன என்பதற்கு இப்போது அந்த 34 சதவீதத்துக்கு வருகிறேன், உங்களை ரொம்பப் பயமுறுத்தியிருப்பது அதுதான் என்று தெரிகிறது.

டி.என்.ஏ. உடைந்திருக்கிறது என்றால் ஜீனில் கோளாறு என்று அர்த்தம் இல்லை. ஒரு புத்தகம் அச்சாகும்போதே எழுத்துப்பிழையோடு அச்சானால் எல்லாப் பிரதியிலும் அந்தப் பிழை இருக்கும். அது ஜீன் கோளாறு, உங்கள் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும், பிள்ளைக்கும் போகலாம். நன்றாக அச்சான புத்தகம் லாரியில் வரும்போது மழையில் நனைந்து பக்கம் கிழிந்தால் அது வேறு. உங்கள் ரிப்போர்ட் சொல்வது இந்த இரண்டாவதை. பக்கம் கிழிந்த பிரதிகள் நூற்றுக்கு 34. எந்த முறையில் சோதித்தார்கள் என்பதைப் பொறுத்து அளவுகோல் மாறும், பொதுவாக 30-க்கு மேல் போனால் அதிகம் என்போம். இன்றைக்கு இருக்கும் விந்தணு மூன்று மாதம் கழித்து இருக்காது, புதிதாக வரும். லாரியில் தார்ப்பாய் போட்டால் அடுத்த லோடு நனையாமல் வரும்.

எப்படிக் கிழிகிறது என்று தெரிந்துகொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகப் புரியும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள். கடைசிக் கட்டத்தில் ஒரு வேலை நடக்கிறது: நீட்டினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும் டி.என்.ஏ. இழையை, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு நீளமுள்ள தலைக்குள் அடைக்க வேண்டும். மற்ற செல்களில் இந்த இழை ஹிஸ்டோன் என்ற புரதத்தின்மேல் நூல்கண்டு மாதிரி தளர்வாகச் சுற்றியிருக்கும். விந்தணுவில் ஹிஸ்டோனைப் பெரும்பாலும் கழற்றிவிட்டு புரோட்டமின் என்ற சின்னப் புரதத்தை வைத்து, பஞ்சைப் பிரஸ்ஸில் போட்டு பேல் கட்டுகிற மாதிரி இறுக்கிவிடுகிறது உடம்பு. அப்படி அமுக்கும்போது முறுக்கு விடுபட வேண்டும் என்று செல்லே இழையை ஆங்காங்கே வெட்டி, மறுபடி ஒட்டும். இந்த ஒட்டு சரியாக விழாமல் போனால், டேக் மட்டும் வைத்து முழு வெல்டு போடாமல் விட்ட சட்டம் மாதிரி, ரோட்டில் ஓடும்போது விட்டுப்போகும். உங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

பேல் கட்டி முடித்ததும் விந்தணு தன் உடம்பில் இருந்த சாறு முக்கால்வாசியையும் கழற்றி எறிந்துவிடுகிறது, வேகமாக நீந்துவதற்காக. அதோடு காப்பு நொதிகளும் பெரும்பாலும் போய்விடுகின்றன. மிச்சம் இருப்பது தலை, கழுத்தில் எரிபொருள் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா, ஒரு வால். அந்த மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் ஆக்சிஜன் பொறிகள்தான் எதிரி. விந்தணுவின் மேலுறை மீன் எண்ணெயில் இருக்கிற வகைக் கொழுப்பால் ஆனது. வளைந்து நெளிய அந்தக் கொழுப்பு வேண்டும், ஆனால் சீக்கிரம் கெட்டுப்போகிற கொழுப்பும் அதுதான். திறந்து வைத்த கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறதே, வேதியியலில் அதே காரியம்தான் விந்தணுவின் உறையில் நடக்கிறது. உறை சிக்குப் பிடித்தால் வால் வளையாது, நீச்சல் குறையும். பொறி தலைக்குள் போனால் டி.என்.ஏ.யின் நாலு எழுத்தில் குவானின் என்ற எழுத்து முதலில் கருகும்.

இதில் என்னை இன்றைக்கும் யோசிக்க வைக்கிற விஷயம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ஜான் எய்ட்கன் குழு 2013-ல் காட்டியது: விந்தணுவிடம் கருகிய எழுத்தை வெட்டி எடுக்கிற நொதி இருக்கிறது, வெட்டிய இடத்தை அடைக்க வேண்டிய அடுத்த நொதி இல்லை. பாதி ரிப்பேரோடு அது முட்டையிடம் போய்ச் சேருகிறது, மீதி வேலை முட்டையின் தலையில். இளம் வயது முட்டை நன்றாகவே சரி செய்யும், உங்கள் மனைவிக்கு 28 என்பது உங்கள் பக்கம் இருக்கிற பெரிய பலம். சேதம் அதிகமானால் முட்டையாலும் முடியாது, கரு பாதியில் நின்றுபோகலாம். உங்களுக்குக் கலைந்தது இதனால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை கலைவதில் பாதிக்கு மேல் கருவின் குரோமோசோம் எண்ணிக்கை தற்செயலாகப் பிசகுவதால் நடப்பது, யார்மேலும் தப்பில்லை.

பொறிகள் ஏன் உங்களுக்கு அதிகம்? உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, இடது பக்கம் கனக்கிறது என்று. என்னைப் பொறுத்தவரை முழுக் கடிதத்திலும் முக்கியமான வரி அது. இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறீர்கள், அங்கே யாராவது உங்களை நிற்க வைத்து விதைப்பையைக் கையால் தொட்டுப் பார்த்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. சாயங்காலம் கனக்கும், படுத்தால் குறையும், மேலே மண்புழு சுருண்ட மாதிரி தட்டுப்படும் என்றால் அது பெரும்பாலும் வேரிகோசீல், காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதைப் போல விரையிலிருந்து ரத்தம் திரும்புகிற சிரைகள் வீங்கிக்கொள்வது. இடது விரையின் சிரை நேராகப் பெரிய சிரையில் சேராமல் சிறுநீரகச் சிரையில் போய்ச் செங்குத்தாக முட்டுகிறது, அதனால் இடது பக்கம்தான் அதிகம் வரும். நூறு ஆண்களில் சுமார் 15 பேருக்கு இது இருக்கும். குழந்தை இல்லை என்று வருகிற ஆண்களில் நூற்றுக்கு 35, 40 பேர். விரை உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும், அதற்காகத்தான் வெளியே தொங்குகிறது. சிரையில் வெதுவெதுப்பான ரத்தம் தேங்கினால் சூடு ஏறும், பொறிகள் பெருகும், மேலே சொன்னதெல்லாம் நடக்கும்.

அதோடு உங்கள் தொழில். டென்மார்க்கில் 1992-ல் வெல்டர்களைத் தொடர்ந்து பார்த்து ஓர் ஆய்வு வந்தது. வெல்டிங் வெப்பத்தில் நின்ற சில வாரத்தில் சரியான வடிவமுள்ள விந்தணு குறைந்தது, வேலையிலிருந்து இடைவெளி விட்டதும் ஏறியது. இறங்கியது ஏறவும் செய்தது என்பதைக் கவனியுங்கள். வேலையை விடச் சொல்லவில்லை, சோறு போடுகிற தொழில். உட்கார்ந்தபடி மடியில் ஆர்க் வெப்பம் படுகிற மாதிரி வேலை செய்யாதீர்கள், தோல் ஏப்ரன் போடுங்கள், மணிக்கொருமுறை எழுந்து போய்க் காற்றாட நில்லுங்கள், அடியில் இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். கடிதத்தில் சிகரெட் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், புகைக்கிறவர்களின் விந்தணுவில் கருகின குவானின் அதிகம் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இன்னொன்று. ஜூலை சாம்பிளுக்கு முன் ஒன்பது நாள் சேர்ந்திருக்கவில்லை என்று ஃபாரத்தில் எழுதியிருக்கிறது. சேர்த்து வைத்தால் கவுண்ட் ஏறும், ஒரு துளி விந்து இத்தனை துளி ரத்தம் என்று நம் ஊரில் காலகாலமாகப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். விந்தணு பைக்குள் காத்துக்கிடக்கக் காத்துக்கிடக்கப் பொறிகளில் வாடுகிறது, டி.என்.ஏ. உடைசலும் ஏறுகிறது. டெஸ்ட்டுக்கு இரண்டிலிருந்து ஏழு நாள் என்பதுதான் கணக்கு, உங்களுக்கு இரண்டு மூன்று நாள் போதும். சாம்பிளை லேபிலேயே எடுங்கள். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள், சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முதல் சொட்டு சிந்தினால் மறைக்காமல் சொல்லுங்கள், பெரும்பாலான விந்தணு அதில்தான் இருக்கும். வீட்டிலும் சேர்த்து வைக்க வேண்டாம், வளமான நாட்களில் ஒன்று விட்டு ஒரு நாள் சேர்ந்திருங்கள்.

உண்மையிலேயே ஜீன் கோளாறு உள்ளவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். ஒய் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு பகுதி அறுந்துபோனால் விந்தணு உருவாகாது என்று 1976-லேயே இத்தாலியில் டியெப்போலோவும் ஸுஃபார்டியும் கண்டுபிடித்தார்கள். அந்தக் குறை உள்ளவருக்கு இக்ஸி வழியாகப் பையன் பிறந்தால் அது அப்படியே பையனுக்குப் போகும், பெண் குழந்தைக்குப் போகாது. ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கிற கிளைன்ஃபெல்டர் இருக்கிறது, விந்தணுவே வராமல் இருப்பவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு அதுதான். இரண்டு குரோமோசோம்கள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதும் உண்டு, அந்த ஆள் ஆரோக்கியமாகவே இருப்பார், விந்தணு உருவாகும்போது ஜோடி சேர்வதில் சிக்கல் வந்து கவுண்ட் குறையும், கருவும் திரும்பத் திரும்பக் கலையும். ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் குமாரசாமி தங்கராஜ் குழு 2022-ல் இந்திய ஆண்களிடம் மலட்டுத்தன்மைக்குக் காரணமான எட்டு மரபணுக்களைக் கண்டு வெளியிட்டது, இன்னும் எத்தனையோ வரும்.

ஆனால் இவை எதையும் விந்தணு டி.என்.ஏ. உடைசல் டெஸ்ட் சொல்லாது. இவற்றுக்கு ரத்தம் எடுத்து கேரியோடைப் (குரோமோசோம்களின் எண்ணிக்கையும் அமைப்பும் பார்ப்பது), ஒய் மைக்ரோடிலீஷன் (ஒய் குரோமோசோமில் அறுந்த பகுதி இருக்கிறதா என்று பார்ப்பது) என்று தனி டெஸ்ட் செய்ய வேண்டும். உங்கள் ஃபைலில் இரண்டுமே இல்லை. எடுக்காத டெஸ்ட்டுக்கு "ஜீன் பிராப்ளம்" என்று முடிவு சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்து நீங்களும் இத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்கிறீர்கள், நினைத்தாலே மனசு கஷ்டமாக இருக்கிறது.

பவர் பாக்கெட்டை நிறுத்திவிடலாம். உறை சிக்குப் பிடிக்கிறது என்றால், அந்தப் பொறிகளை அணைக்கிற ஆன்டிஆக்சிடன்ட் குடித்தால் சரியாகும் என்று கேட்க நியாயமாகத்தான் தெரியும், நாங்களும் வருடக்கணக்கில் எழுதிக் கொடுத்தோம். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து, ஆண்களுக்கு ஃபோலிக் ஆசிடும் துத்தநாகமும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள், 2020-ல் முடிவு வந்தது. குழந்தை பிறப்பில் வித்தியாசம் இல்லை, கவுண்ட்டும் ஏறவில்லை, டி.என்.ஏ. உடைசல் கொஞ்சம் கூடியே இருந்தது, வயிற்றுக் கோளாறும் வந்தது. அந்தக் காசுக்கு மீனும் கீரையும் வாங்கி இரண்டு பேரும் சாப்பிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. யூராலஜி டாக்டர் ஒருவரை, முடிந்தால் ஆண்ட்ராலஜி (ஆண்களின் இனப்பெருக்க மருத்துவம்) தெரிந்தவரைப் பாருங்கள். கோவை, மதுரை போன்ற இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே யூராலஜி பிரிவு இருக்கிறது. நிற்க வைத்துக் கையால் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஊசிச் சீட்டை மறக்காமல் காட்டுங்கள். கையில் தட்டுப்படுகிற அளவு வேரிகோசீல் இருந்தால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம், மைக்ராஸ்கோப் வைத்துச் செய்கிற சின்ன ஆபரேஷன், பத்தில் ஆறேழு பேருக்கு ரிப்போர்ட் முன்னேறுகிறது, டி.என்.ஏ. உடைசலும் குறைகிறது, பலன் தெரிய மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். ஸ்கேனில் மட்டும் தெரிகிற, கைக்குத் தட்டுப்படாத வேரிகோசீலுக்குக் கத்தி வைக்கச் சம்மதிக்காதீர்கள், பலன் இல்லை. கடைசி ஊசி ஜூன் என்பதால், நவம்பரில் ஹார்மோனும் விந்து டெஸ்ட்டும் மறுபடி எடுங்கள், அதற்கு முன் எடுக்கிற எண்ணை நம்பாதீர்கள். எல்.எச்., எஃப்.எஸ்.எச். பழைய நிலைக்கு வந்தும் கவுண்ட் 5 மில்லியனுக்குக் கீழேயே நின்றால், அப்போது கேரியோடைப்பும் ஒய் டெஸ்ட்டும் கட்டாயம் கேளுங்கள். நடுவில் மறுபடி ஒரு கரு கலைந்தால் கவுண்ட் எவ்வளவு இருந்தாலும் கேரியோடைப் எடுங்கள், இரண்டு பேருக்கும்.

இக்ஸிக்கு நான் எதிரி இல்லை. 1992-ல் பெல்ஜியத்தில் அது வந்த பிறகு, அதுவரை வழியே இல்லை என்று அனுப்பிவைத்த எத்தனையோ பேர் அப்பாவானார்கள். விரையிலிருந்தே விந்தணு எடுக்க வேண்டியவர்கள், மனைவிக்கு வயது ஏறிவிட்டவர்கள், எல்லாம் முயன்றும் முடியாதவர்கள் தாமதிக்கவே கூடாது. ஆனால் அந்த ஊசி முனை விந்தணுவை முட்டைக்குள் கொண்டு போய் விடும், கிழிந்த பக்கத்தை ஒட்டாது. உங்களுக்கு ஒரு வருட அவகாசம் தாராளமாக இருக்கிறது. அடுத்த கோடைக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அப்போது இக்ஸிக்குப் போங்கள், அதற்குள் உடைசல் குறைந்திருந்தால் அதுவும் பலிக்க வாய்ப்பு கூடும்.

கடைசியாக ஒரு விஷயம், நீங்கள் கேட்கவில்லை. மனைவிக்கு எடுத்த டெஸ்ட் தேதிகளையும் பார்த்தேன். கருக்குழாய் அடைப்பு பார்க்க மருந்து செலுத்தி எடுக்கிற படம், வயிற்றில் துளை போட்டுப் பார்க்கிற லேப்ராஸ்கோப்பி, இரண்டும் முடிந்து எட்டு மாதம் கழித்துத்தான் உங்களிடம் முதல் சாம்பிள் கேட்டிருக்கிறார்கள். அந்தப் படம் எடுக்கும்போது வலி எப்படி இருந்தது என்று அவரிடம் இதுவரை கேட்டீர்களோ இல்லையோ, இன்றைக்குக் கேளுங்கள். வீட்டில் யாராவது "விசேஷம் இல்லையா" என்று அவரைக் கேட்டால் பதிலை நீங்கள் சொல்லுங்கள்: அவளுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, பார்க்க வேண்டியது எனக்குத்தான், பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று. நவம்பர் ரிப்போர்ட் வந்ததும், ஜனவரி ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.